சந்தேகப் பண்டாரியும் ஒரு கிண்ணம் காடியும்

கடவுளைச் சந்தேகப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கூட்டாளியைச் சந்தேகப்பட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டவர்கள், எக்ஸ்ரே எடுத்த மெஷினைச் சந்தேகப்பட்டவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இவன் முழி சரியில்ல" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடி சந்தேகப் பண்டாரி.

அவருடைய நிஜப் பெயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. பண்டாரி என்றால் தோணியில் சமையல்காரர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணிகளில் வாலிபம் முழுக்கச் சோறு பொங்கியவர் அவர். கரையேறிய பிறகு பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில் நாலு பெஞ்சைப் போட்டுச் சாயங்காலக் கடை ஆரம்பித்தார். பரோட்டாவுக்கும் மக்ரூனுக்கும் பேர் போன ஊரில், அவர் விற்றது சிப்பி. ஆவியில் வேகவைத்த சிப்பி, அதன் மேல் ஊற்றப் புளிப்பு. வேறு எதுவும் கிடையாது.

வேறு எதுவும் ஏன் கிடையாது என்று ஒருவர் கேட்டதற்கு, மற்றதையெல்லாம் சந்தேகப்பட நேரம் போதவில்லை என்றாராம்.

அவர் சிப்பி சோதிக்கிற அழகைக் காண்பதற்கே ஒரு கூட்டம் வரும். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டுவார். காதில் வைத்துக் கேட்பார். கெட்டியான சத்தம் வந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம் வந்தால் தெருவோரத் தொட்டிக்குப் போகும். என்ன அண்ணாச்சி செய்கிறீர்கள் என்று கேட்டால், "உள்ள ஆள் இருக்கான்னு கேக்கேன்" என்பார். காது பாஸ் செய்ததை மூக்கு வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு மூக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சுங்க இலாகாவில் இருக்க வேண்டிய மூக்கு. மோந்து பார்த்து மூன்றாவது மூச்சில்தான் முடிவு சொல்வார். பிறகு ஆவி. வெந்ததும் சிப்பி தானாக வாயைத் திறக்கும். திறக்காத சிப்பியை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வாயைத் திறக்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி.

சிப்பிக்கு மேல் ஊற்றுவதை அவர் சாஸ் என்று சொல்ல மாட்டார். சாஸ் என்றால் பாட்டிலில் வருவது. பாட்டிலில் வருவதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள். ஆகவே 'புளிப்பு' என்றே பெயர். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இஞ்சியும் பொடிப்பொடியாக மிதந்தால் வெள்ளைப் புளிப்பு. ஊறவைத்த மிளகாய் வத்தலும் பூண்டும் சேர்த்து அரைத்தால் சிவப்புப் புளிப்பு. கருப்பட்டியைக் காய்ச்சி மிளகு தட்டிப் போட்டால் கருப்புப் புளிப்பு. மூன்றுக்கும் தாய் ஒன்றுதான். வினாகிரி. வினிகருக்கு இந்தக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன பெயர் அது. கருப்பட்டித் தண்ணீரைப் பீங்கான் பரணிகளில் ஊற்றி, வாயில் வேட்டித் துணி கட்டி, மாதக்கணக்கில் புளிக்கவைத்து அவரே எடுப்பார். எலுமிச்சையை அவர் கடையில் சேர்க்காததற்குக் காரணம், அது தோலை மூடிக்கொண்டு வருகிறது. வினாகிரியிடம் ஒளிவுமறைவு கிடையாது, பத்தடி தள்ளியே நான் இன்னார் என்று சொல்லிவிடும்.

அப்படிச் சொன்னதுதான் ஒரு முறை வினையானது. பரணிகளின் வாசம் தெருமுனை வரை போய், சந்துக்குள் யாரோ சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள் என்று தகவல் போய்விட்டது. மப்டியில் ஒரு ஏட்டு வந்தார். ஏட்டு பரணியைச் சந்தேகப்பட்டார், பண்டாரி ஏட்டைச் சந்தேகப்பட்டார். யூனிபாரம் இல்லாமல் வந்தவர் ஏட்டுதான் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டு அடையாள அட்டையை வாங்கி, அதையும் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்ததாகத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைசியில் ஏட்டு துணியை விலக்கி மூக்கை உள்ளே விட்டார். வினாகிரி நேரே உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணீரும் கம்பலையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஒரு தட்டு சிப்பி கொடுத்து ஆசுவாசப்படுத்தினார் பண்டாரி. அதற்குப் பிறகு அந்த ஏட்டு வாரம் தவறாமல் வந்து சாப்பிட்டார். பண்டாரிக்கு அதிலும் சந்தேகம்தான். கேஸை இன்னும் முடிக்கவில்லை, அதனால்தான் வருகிறார் என்று ரகசியமாகச் சொல்வார்.

நான் இந்தக் கதைக்குள் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரன். துறைமுகத்தில் சரக்குக் கிளியரிங் செய்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தேன். எதிர் மேஜையில் ரோஸ்லின் இருந்தாள். குறைவாகப் பேசுவாள், பேசினால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய அப்பாவின் கடைக்கு ஆபீசில் நாலைந்து பேர் கிளம்பினோம். வாங்க, ஆனால் முத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீங்க என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, இதில் முத்து இருக்குமா என்பதுதான்.

பண்டாரி கத்தியைக் கீழே வைத்தார். "முத்து கெடச்சா நான் எதுக்கு வே ஒமக்கு வெங்காயம் நறுக்கிட்டு நிக்கேன்?" என்றார். முத்துச் சிப்பி வேறு, தின்கிற சிப்பி வேறு என்று ரோஸ்லின் பிறகு எனக்குச் சொன்னாள். அன்று நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தை விழுங்கிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ. எந்த ஊர் என்று விசாரித்தார். ஆற்றுப் பக்கம் என்றேன். அன்றிலிருந்து என்னை அவர் ஆத்துக்காரன் என்றே கூப்பிட்டார். அந்தச் சொல்லுக்கு வேறு சில வீடுகளில் புருஷன் என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாது. எனக்கும் ரோஸ்லினுக்கும் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிப்பியைப் பார்த்துக்கொண்டோம்.

மற்றது உங்களுக்கே புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் முருகன், அவர்கள் வீட்டில் மாதா. அதற்காக என் வீட்டிலும் அவளுடைய அத்தை, சித்தப்பா வீடுகளிலும் அழ வேண்டியதெல்லாம் அழுது, பேசாமல் இருக்க வேண்டிய காலமெல்லாம் பேசாமல் இருந்து, கடைசியில் களைத்துப்போய், என்னவோ செய்யுங்கள் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பண்டாரி மட்டும் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய சந்தேகம் முழுக்க என் மேல்தான். ரோஸ்லின் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவளுடைய அம்மா போய்விட்டார். அவருக்கு இருந்தது இந்த ஒரு பெண். அவளைக் கேட்டு ஏற்கெனவே வந்த மாப்பிள்ளைகளை அவர் திருப்பி அனுப்பிய விதம் ஊரறிந்தது. மற்ற வீடுகளில் பெண் பார்க்கப் போனால் கேசரியும் பஜ்ஜியும் வைப்பார்கள். இங்கே சிப்பி வைத்து, எப்படிச் சாப்பிடுகிறார் என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். அதோடு மாப்பிள்ளை கதை முடிந்துவிடும்.

என் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தட்டில் ஆவி பறக்கச் சிப்பிகள். நடுவில் மூன்று புளிப்பும். எதிரில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்தார். திறந்திருந்த சிப்பியெல்லாம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், வாய்க்கு வாய் பாராட்டினேன். ஒன்று மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. கடையில் எத்தனையோ தடவை அவர் அந்த மாதிரிச் சிப்பியைத் தூக்கி எறிந்ததைப் பார்த்தவன்தான் நான். ஆனால் மாமனார் ஆகப்போகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மனிதனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை. இது என் கைபலத்துக்கு வைத்த பரீட்சை என்று நினைத்துவிட்டேன். கத்தியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பித் திறந்து, வாய்க்குக் கொண்டுபோனேன். ஸ்டூலில் இருந்தவர் எப்படி வந்தார் என்று தெரியாது, சிப்பி என் கையிலிருந்து பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

வாயைத் திறக்காதவனை நீர் ஏன் திறந்தீர் என்று கேட்டார். நீங்கள் வைத்ததால் திறந்தேன் என்றேன். நான் எதை வைத்தாலும் தின்றுவிடுவீரா என்றார். அப்பாடா, நல்ல கேள்வி கேட்டார் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்கள் கையால் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவேன் மாமா என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே பார்த்து, "ஏளா ரோஸ்லின், இவரு நம்புதாருளா. நம்புத ஆளு நமக்கு வேண்டாம்" என்றார்.

ரோஸ்லின் கதவருகில் நின்றிருந்தாள். "அப்பா, இந்த வீட்டுல என்னையச் சந்தேகப்படாத ஆளு ஒருத்தராவது வேணும்லா" என்றாள்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போகிற போக்கில், சரி, மண்ணைக் கக்கட்டும் என்றார்.

புதிதாகப் பிடித்து வந்த சிப்பியை அவர் அன்றைக்கே சமைக்க மாட்டார். தொட்டியில் நல்ல கடல் தண்ணீர் விட்டுப் போட்டுவைப்பார். அது உள்ளே வைத்திருக்கிற மண்ணையெல்லாம் கக்கித் தெளிந்த பிறகுதான் அடுப்பு. என்னையும் அப்படித் தொட்டியில் போட்டுவிட்டார். மாதக்கணக்கில் கிடந்தேன். நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்து என் தண்ணீர்க் குடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனார். நான் டீ குடிக்கிற கடையில், முடிவெட்டிக்கொள்கிற கடையில் எல்லாம் விசாரித்தார். முடிவெட்டுகிறவர், தம்பிக்கு முன்னால் கொஞ்சம் வழுக்கை விழும் போல் இருக்கிறது என்று சொல்லித் தொலைக்க, அது என் பெயரில் ஒரு குற்றமாக ஏறியது. கடைசியில் ஒரு நாள், உம்ம அப்பாவை வரச் சொல்லும், ஆளைப் பார்க்க வேண்டும் என்றார்.

என் அப்பா வயலும் எருமைகளுமாக வாழ்ந்தவர். உர மூட்டையைத் தோளில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார், கன்றுக்குட்டியின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். அதெல்லாம் பரவாயில்லை. அவருக்கு ரோஷம் மூக்குக்கு மேல் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் ஒரு அப்பளம் கையில் கொடுக்காமல் இலையில் எறிந்தார்கள் என்பதற்காக ஒரு சொந்தத்தையே முறித்துக்கொண்டவர். இந்தச் சம்பந்தத்துக்கே அரை மனசாகத்தான் சம்மதித்திருந்தார். ஒரு சொல் பிசகினால் எழுந்து போய்விடுவார், பிறகு எனக்கும் ரோஸ்லினுக்கும் கல்யாணம் இல்லை.

அந்த ஒரு சொல்லைப் பண்டாரி ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஆற்றுக்கரை ஆட்களுக்கு வினாகிரி என்றால் புரியுமா என்று அவருக்குச் சந்தேகம். வினிகர் என்று இங்கிலீஷில் சொன்னால் பெருமையடிக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று இன்னொரு சந்தேகம். கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, மரியாதையான தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் தாடியைத் தடவி, காடி என்று சொல்லியிருக்கிறார். அகராதிப்படி அது சரிதான். ஆனால் அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். எங்கள் ஊரில் ஒரு அர்த்தம்தான். சோறு வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், தவிடு எல்லாம் ஒரு பானையில் கொட்டி, அது புளித்துப் பொங்கிக் கிடக்குமே, அதுதான் காடி. எங்கள் வீட்டில் காடிப் பானை புழக்கடையில் இருக்கும். அதில் தலையை விடுகிற உரிமை எருமைகளுக்கு மட்டும்.

அப்பாவும் அம்மாவும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாதா படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கு. பண்டாரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். நல்ல விசாரிப்பெல்லாம் முடிந்தது. பிறகு அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சம்மந்தியாருக்குன்னு தனியா நல்ல காடி எடுத்து வச்சிருக்கேன். பழைய காடி."

அம்மாவின் கை முந்தானையில் அப்படியே நின்றது. அப்பா, காடியா என்று கேட்டார். தான் படித்து வந்த சொல் அவருக்குப் புரிந்துவிட்டதே என்று பண்டாரிக்கு ஒரே சந்தோஷம். ஆமாம், உங்கள் பக்கமெல்லாம் தினமும் புழங்குவதுதானே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம், ஒரு பரணி முழுக்க இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓங்கி உதறி மறுபடியும் போட்டார். எங்கள் வீட்டில் அந்த உதறலுக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. அம்மாவும் எழுந்துவிட்டாள். என் கல்யாணம் வாசற்படி வரை போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஏலே, எருமைக்கு ஊத்துதத எனக்கு ஊத்தப் போறாராமே. கேட்டியால?" என்றார் அப்பா என்னிடம்.

எருமையா, எந்த எருமை என்று பண்டாரி திகைத்துப்போனார். அடுத்த நொடியே அவருக்கு வாத்தியார் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. நான் அப்பாவின் முன்னால் போய் நின்று, அப்பா, அது வினிகர், இங்கே வேறு பெயர், அவர் மரியாதைக்காகச் சொன்னது என்று உளறினேன். அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் தட்டும் கிண்ணமுமாக வந்தாள். நிலவரம் புரிந்தும் புரியாமலும் நடுக்கூடத்தில் நின்றாள்.

அப்பா அவளையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார். "அவரு காடின்னுதான சொல்லுதாரு. கொண்டா, பாப்போம்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் குடிக்கவில்லை. மூக்குக்கு நேரே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மறுபடியும் மோந்தார். காடிப் பானை பதமாகப் புளித்திருக்கிறதா என்று எங்கள் புழக்கடையில் அவர் பார்ப்பது அப்படித்தான். மூன்றாவது தடவை மூச்சை இழுத்தார்.

பிறகு தீர்ப்புச் சொன்னார். "இது காடி இல்ல. கருப்பட்டி மணக்கு. இதப் போய்க் காடின்னு சொன்னா எங்க எருமை ஒத்துக்கிடாது."

கருப்பட்டியை யாரும் மாட்டுக்கு ஊற்ற மாட்டார்கள், ஆகவே இது அவமானம் இல்லை என்ற முடிவுக்கு அவராகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். இது எப்போது பிடித்தது என்று கேட்டார். நேற்றுக் காலையில் என்றார் பண்டாரி. அதுவரை எங்கே கிடந்தது என்றார் அப்பா. தொட்டியில், நல்ல கடல் தண்ணீரில் என்றார் பண்டாரி. தண்ணீரை மாற்றினீரா என்றார் அப்பா. மாற்றினேன் அண்ணாச்சி என்றார் பண்டாரி, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் போல. அந்தக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்விகளை யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா தட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு சிப்பியை விரல் நுனியால் ஒதுக்கித் தள்ளினார். வாயை இறுக மூடியிருந்த சிப்பி. "இது ஏன் தொறக்கல? இத எதுக்கு வச்சீரு?"

பண்டாரியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. வினாகிரி காரம் என்று துடைத்துக்கொண்டார். வினாகிரிப் பரணியை அப்போது யாரும் திறந்திருக்கவில்லை, கிண்ணத்தில் இருந்த கருப்புப் புளிப்பும் அப்பா பக்கம்தான் இருந்தது.

"ஏளா, பொண்ணு குடுத்துருவோம்" என்றார்.

யாருக்கு என்று கேட்டாள் ரோஸ்லின். இவர் மகனுக்குத்தான் என்றார். அதே ரத்தம்தானே ஓடுகிறது, தேடினால் எங்கேயாவது ஒரு சொட்டுச் சந்தேகம் இருக்காமலா போகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அப்பா இரண்டு தட்டுச் சிப்பி சாப்பிட்டார், ஒவ்வொன்றையும் விசாரணை செய்துவிட்டு. அம்மா சிப்பியைத் தொடவில்லை. ஆனால் கருப்புப் புளிப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, பழைய சோற்றுக்கு நன்றாக இருக்கும் என்று ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாள். ஊரில் அதை இன்றைக்கும் சம்மந்தி காடி என்றுதான் சொல்கிறார்கள்.

கல்யாணம் நடந்தது. பந்திக்கு முன் பாயசத்தை மோந்து பார்த்தது மாமனார், பின்னால் நின்று அவர் சரியாக மோந்தாரா என்று பார்த்தது அப்பா. அதன் பிறகு என் மேலிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் காபி நான்தான் போடுவேன். வருகிற போதெல்லாம் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோவார், பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகுதான் குடிப்பார். ஒரு நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மனிதன் ஒருவனையாவது நம்ப வேண்டாமா மாமா என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நடுக்கடல்ல ஒருத்தனுக்கு வயித்துக்கு ஆகலன்னா எங்கன எறக்கிவிட முடியும்? பண்டாரி நம்பிட்டாம்னா தோணியில உள்ள அம்புட்டுப் பேரும் போச்சு, மாப்ள" என்றார். காபியை ஆற்றிக் குடித்துவிட்டுப் போனார்.

கொரோனா வந்த காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்து, கடவுள் புண்ணியத்தில் எழுந்துவிட்டார். கடையைத் திறந்தார். திறந்த அன்றே வினாகிரியில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று கத்தினார். பரணியைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அதுவும் சரியில்லை என்றார். கருப்பட்டி வியாபாரியிடம் சண்டை. வெங்காயத்துக்கு என்னமோ மருந்து அடிக்கிறார்கள், வாசமே இல்லை என்று புகார். பழைய ஏட்டு மேலும் தமிழ் வாத்தியார் மேலும் ஒரு கண். போதவில்லை, போதவில்லை என்று புளிப்பை ஊற்றி ஊற்றி, சாப்பிட வந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டு ஓடினார்கள்.

ரோஸ்லின் ஒரு மத்தியானம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, திருக்கைக் கருவாட்டை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன், எனக்கே குடலைப் புரட்டியது. என்ன இது சொல்லுங்கப்பா என்றாள். எது, ஒன்றும் இல்லையே என்றார். கண்ணைத் திறந்து கருவாட்டைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவருடைய மூக்கு.

கடையைச் சாத்திவிட்டார். டாக்டர் கொஞ்ச நாளில் வரும் என்றார், வரவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்தால் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். மோந்து பார்க்க முடியாத சோற்றை எந்தத் தைரியத்தில் வாயில் வைப்பது? பாதி அளந்து தின்று பாதியை ஒதுக்கினார். சட்டைக் காலர் அகன்றுகொண்டே போனது. ரோஸ்லின் அடுப்படியில் போய் அழுதாள். எனக்கும் அவருடைய டம்ளர் மூக்குப் பக்கம் போகாமல் கீழே இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தடவை என்னைச் சந்தேகப்பட்டுவிடுங்கள் மாமா என்று கேட்டுவிடலாம் போல் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஓலைப் பெட்டியில் சிப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார், காது நன்றாகத்தான் இருந்தது. ஆவியில் வைத்தார். வெந்து திறந்ததும் முதல் சிப்பியை எடுத்தார். பழக்கத்தில் கை மூக்கு வரை போய், பாதி வழியில் நின்றது. ரோஸ்லின் பக்கத்தில்தான் இருந்தாள். அவர் கையை என் பக்கம் நீட்டினார்.

"மோந்து சொல்லும்" என்றார்.

மோந்தேன். மூன்று மூச்சு எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் ஒன்றை மட்டும், இது வேண்டாம் மாமா என்று ஒதுக்கினேன். உண்மையில் அந்தச் சிப்பிக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றையாவது சந்தேகப்படாவிட்டால் அவர் என்னை நம்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மற்றவற்றில் கருப்புப் புளிப்பை ஊற்றி, என் முகத்தைப் பார்க்காமல், ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

கடை இப்போது மறுபடியும் நடக்கிறது. ஆபீஸ் விட்டதும் நேரே அங்கே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்து மோந்து பார்க்கிறேன். தெருவில் என்னை மோப்ப மாப்பிள்ளை என்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் ஒரு தும்மல் தும்மினால் போதும், மாமா பதறிப்போவார். சளி பிடித்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு வருவார். மோந்து பார்த்துவிட்டுக் குடியும் என்று ஒவ்வொரு தடவையும் அதட்டுவார். நான் மோந்து பார்க்காமலேயே குடித்துவிடுகிறேன்.